நாவலும் அதன் திரை வழிநூலும்: சுவைஞர் நிறைவும் ஏமாற்றமும்

தோற்றுவாய்

மக்கள் விரும்பிப் படித்த நாவலொன்று திரைப்படமாக வெளிவருங்கால், அதனைக் கண்டு மீள்வோர் கூறும் தீர்ப்புப் பெரும்பாலும் இரண்டனுள் ஒன்றாகவே இருக்கும். 'கதையைக் கெடுத்துவிட்டார்கள்' என்பது ஒன்று. 'கதையில் உள்ளபடியே எடுத்திருக்கிறார்கள்' என்பது மற்றொன்று. முன்னது ஏமாற்றத்தின் மொழி. பின்னது நிறைவின் மொழி. இரண்டிற்கும் அளவுகோல் ஒன்றே. நாவலில் உள்ளது படத்தில் உளதா, இலதா என்பதே அது. தமிழ்த் துறைகளில் இப்பொருள் பற்றி எழுதப்பெறும் ஆய்வேடுகளும் பெரும்பாலும் இவ்வளவுகோலையே கைக்கொண்டு, விடுபட்ட நிகழ்ச்சிகள் இவை, புதியனவாகச் சேர்ந்தவை இவை எனப் பட்டியலிட்டு அமைகின்றன. பட்டியல் வேண்டுவதே. ஆயினும் அஃது ஏமாற்றத்தின் காரணத்தைக் காட்டுவதில்லை. மிகுதியும் மாற்றப்பெற்ற படங்கள் போற்றப்படுவதையும், பெரிதும் பின்பற்றிய படங்கள் குறை கூறப்படுவதையும் நாம் காண்கின்றோம். ஆதலின் அளவுகோல் வேறாதல் வேண்டும்.

எமக்கு இவ்வையம் எழுந்தது வகுப்பறையில். யாம் பணிபுரியும் திருப்பூர் வட்டாரத்தில் எம்மிடம் பயில வரும் மாணவருட் பலர் பனியன் கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கல்லூரி நேரம் போக எஞ்சிய பொழுதில் தாமே ஓவர்லாக் எந்திரத்திலும் செக்கிங் மேசையிலும் வேலை செய்வோரும் உண்டு. இவர்தம் இல்லங்களில் சனிக்கிழமை கூலி நாள்; ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். அவ்வொரு நாளில் இவர்கள் நாடுவது திரைப்படம். நாவல் இவர்களுக்குப் பெரும்பாலும் படத்தின் வழியாகவே அறிமுகமாகின்றது. 'அசுரன்' படத்தைப் பலமுறை கண்ட மாணவர் ஒருவர், அதன் மூலமாகிய பூமணியின் 'வெக்கை'யை எம்மிடம் விரும்பிப் பெற்றுச் சென்றார். ஒரு கிழமை கழித்து நூலைத் திருப்பித் தந்தார். 'பாதிக் கதையைக் காணோமுங்க, ஐயா' என்பது அவர் கூற்று. நாவலைப் படித்தோர் படத்தைக் கண்டு ஏமாறுதல் எமக்குப் பழக்கமானது. படத்தைக் கண்டவர் நாவலைப் படித்து ஏமாறுதலை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம். அவருக்கு உடனே தக்க விடை கூற எம்மால் இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

வழிநூல் இலக்கணம்

ஒருவர் செய்த நூலைப் பின்பற்றி மற்றொருவர் நூல் செய்தல் தமிழுக்குப் புதிதன்று. அதற்கு இலக்கணமும் நம்மிடம் உண்டு. தொல்காப்பியர் மரபியலில் நூலை முதல்நூல், வழிநூல் என இருவகைப்படுத்தி, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகப் பகுத்தார். நன்னூலார் சார்பு நூல் என மூன்றாவது ஒன்றனையும் வேறாகக் கொண்டார். அவர் கருத்துப்படி, வழிநூல் என்பது முதல்நூலின் முடிபோடு முழுதும் ஒத்து, பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளையும் உடன் கொண்டு வருவது. சார்பு நூலோ ஒரு பகுதியில் மட்டும் ஒத்து, ஏனையவற்றில் வேறுபட்டுச் செல்வது.

ஈண்டு இரண்டு செய்திகள் நம் கருத்திற்கு உரியன. ஒன்று, விகற்பம் வழிநூலுக்குக் குற்றமன்று, உரிமையே ஆகும். மற்றொன்று, அவ்வுரிமைக்கு எல்லையாக நிற்பது முடிபு. முடிபு என்னும் சொல் நன்னூலார் கருத்தில் நூல் நிலைநாட்டும் பொருளைக் குறிக்குமேயன்றி, நூலின் இறுதிப் பகுதியைக் குறிப்பதன்று. நாவலுக்கு இதனைப் பொருத்துங்கால், இறுதி நிகழ்ச்சி வேறு, முடிபு வேறு என்பதை மறத்தலாகாது. கதை எங்கே நிற்கின்றது என்பது இறுதி நிகழ்ச்சி. கதை எதனை நிறுவி நிற்கின்றது என்பது முடிபு.

கம்பர் செய்தது இதற்குத் தக்க சான்று. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் சேர்த்தார். இராவணன் சீதையைத் தீண்டி எடுத்துச் செல்வதை மாற்றி, பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்துச் சென்றதாகப் பாடினார். இவற்றால் தமிழர் எவரும் ஏமாற்றம் அடைந்திலர். விகற்பம் ஒவ்வொன்றும் முதல்நூலின் முடிபையே தமிழ் மரபிற்கேற்ப வலியுறுத்தி நிற்றலே அதற்குக் காரணம். அச்சு நூலுக்கும் ஏட்டு நூலுக்கும் வகுத்த இவ்விலக்கணம் திரைக்கும் பொருந்துமா என்பதை இனிச் சில சான்றுகளால் காண்பாம்.

தொகுத்தல்: பொன்னியின் செல்வன்

தமிழில் மிகப் பலர் விரும்பிப் படித்த நாவல் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' எனின் மிகையாகாது. 1950-இல் கல்கி இதழில் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வெளிவந்து, ஐந்து பாகங்களாக நிறைந்தது அது. ஓவியர் மணியம் வரைந்த உருவங்கள் வந்தியத்தேவனையும் குந்தவையையும் நந்தினியையும் படித்தோர் நெஞ்சில் நிலைபெறச் செய்தன. எம்.ஜி.ஆர். இதனைப் படமாக்க 1958-இல் அறிவிப்புச் செய்தும் அது நிறைவேறவில்லை. பின்னர் மணிரத்னம் இயக்கத்தில் முதற் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. ஐந்து பாகங்கள் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரப் படமாகச் சுருங்கின. எனவே இது தொகுத்தல் என்னும் வகையின்பாற்படும்.

தொகுப்போன் எதனையேனும் விடுதல் வேண்டும். பனியன் துணியில் கட்டிங் செய்வோர், எவ்வளவு துணி மிச்சம் விழுகின்றது என்பதை மட்டும் பாரார். உடல் உடலாக, கை கையாக அமைந்ததா என்பதையே பார்ப்பர். திரைக்காகத் தொகுத்ததையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். மணிமேகலை என்னும் பாத்திரம் படத்தில் அறவே இல்லை. நாவலில் வந்தியத்தேவனைக் காதலித்து அவன் மடியில் உயிர் நீக்கும் அவளை மறவாதோர் பலர். அவளைக் காணாமையால் அவர்கள் கொண்ட வருத்தம் உண்மையானதே. எனினும் அது கைவளை ஒன்று தொலைந்தது போன்ற வருத்தம். கை தொலைந்தது போன்றதன்று.

சேந்தன் அமுதன் நிலை வேறு. நாவலில் பூத்தொடுத்து இறைவனுக்குச் சூட்டி, தேவாரம் பாடி வாழும் இவ்விளைஞனே கண்டராதித்தர்க்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன் என்பது இறுதியிலேதான் புலப்படும். மதுராந்தகன் எனப் பெயர் தாங்கி அரியணையை நாடியவன் அம்மகன் அல்லன். அருள்மொழி தன் தலைக்கு வந்த மகுடத்தை, அதனை ஒருபோதும் வேண்டாத அமுதன் தலையில் சூட்டுகின்றான். படத்திலோ அமுதன் வருகின்றான். ஆயின் அவன் பிறப்பில் மறைபொருள் இல்லை. மகுடத்தை விரும்பிச் சூழ்ச்சியில் ஈடுபட்ட மதுராந்தகனுக்கே அருள்மொழி அதனைச் சூட்டுகின்றான்.

முடிபு மாறியதா? யாம் மாறவில்லை என்றே கருதுகின்றோம். ஐந்தாம் பாகத்திற்குக் கல்கி இட்ட பெயர் 'தியாக சிகரம்' என்பது. உரியவன் தன் உரிமையைத் துறத்தலே நாவலின் முடிபு. அருள்மொழி தன் சிற்றப்பன் பொருட்டு அரசுரிமையை விட்டுக்கொடுத்தான் என்னும் திருவாலங்காட்டுச் செப்பேட்டுச் செய்தியும் அதற்கு அடிப்படை. படமும் அதனைக் காத்தது. ஆயினும் துறவின் சுவை மாறிற்று. வேண்டாதவனுக்குக் கொடுத்தல் நாவலில் வியப்பாக அமைந்தது. வேண்டியவனுக்குக் கொடுத்தல் படத்தில் பகை தணிக்கும் செயலாக அமைந்தது. முன்னது எளியோனின் மறைந்த பெருமையையும் உடன் காட்டும். பின்னது பகைவனையும் தழுவும் பெருந்தன்மையை மட்டும் காட்டும். நாவலைப் படித்தோர் படத்தில் 'ஏதோ குறைகின்றது' என்று கூறிப் பெயரிட இயலாது திகைத்தது இச்சுவையின் குறையையே எனலாம். முடிபு நின்றமையால் படம் வெறுக்கப்படவில்லை. சுவை குறைந்தமையால் முழு நிறைவும் தரவில்லை.

தொகைவிரி: அசுரன்

பூமணியின் 'வெக்கை' 1982-இல் வெளிவந்த நாவல். தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிச் சாய்க்கும் பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரமும் அவன் தந்தையும் சில நாட்கள் காட்டிலும் மலையிலும் மறைந்து திரிவதும், பின்னர் நீதிமன்றத்தை நோக்கிச் செல்வதும் அதன் கதை. கரிசல் நிலத்தின் வெம்மையும், சிறுவன் கண்வழியே தோன்றும் உலகமும், மிகுதி பேசாத தந்தையின் அன்பும் அதன் உயிர். 2019-இல் வெற்றிமாறன் இதனை 'அசுரன்' என்னும் பெயரில் படமாக்கினார். காட்டில் திரிந்த நாட்கள் படத்தில் தொகுக்கப்பட்டன. தந்தையின் இளமையோ பெரும் பகுதியாக விரிக்கப்பட்டது. பஞ்சமி நிலச் சிக்கலும், 1968-ஆம் ஆண்டுக் கீழ்வெண்மணிக் கொடுமையை நினைவூட்டும் குடிசை எரிப்பும் அவ்விரிவில் இடம்பெற்றன. ஒரு பகுதி தொக்கும் மற்றொரு பகுதி விரிந்தும் நிற்றலின் இது தொகைவிரி ஆகும்.

எம் மாணவர் 'காணோம்' என்ற பாதிக் கதை இவ்விரிந்த பகுதியே. அவர் பெற்றோர் தென் மாவட்டத்துக் கரிசற்காட்டிலிருந்து பிழைப்பு நாடித் திருப்பூர் வந்தோர். நிலத்தையும் பொருளையும் பிறர் பறித்துக்கொள்ளலாம், கல்வியைப் பறிக்க இயலாது என்னும் கருத்துப்படத் தந்தை மகனுக்குக் கூறும் அறிவுரையோடு படம் முடிகின்றது. அவ்வறிவுரை நாவலில் இல்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைக்கு அச்சொற்கள் தன் தந்தையே தன்னிடம் கூறியவை போன்று தோன்றுதல் இயல்பு. அவற்றை நாவலில் தேடிக் காணாத ஏமாற்றத்தை இலக்கியப் பயிற்சியின்மை என்று தள்ளுதல் முறையன்று.

மறுபுறம், 'வெக்கை'யை முன்னரே படித்தோர்க்குப் படத்தில் நேர்ந்த இழப்பும் சிறிதன்று. நாவலின் நடுவில் நின்றவன் சிறுவன்; படத்தின் நடுவில் நிற்பவன் தந்தை. கொலை செய்த கையோடு அலையும் ஒரு சிறுவனின் அச்சமும் பசியும் விளையாட்டும் நாவலில் சொல்லாமற் சொல்லப்பட்டன. படம் பேசுகின்றது, நாவல் பேசாது அமைகின்றது. இவ்விருதிறத்தாரும் ஒரே படத்தையும் ஒரே நாவலையும் பற்றி முரணாகப் பேசுதற்குக் காரணம் யாது? ஒவ்வொருவர்க்கும் முதல்நூல் வேறு என்பதே. காலத்தால் முந்தியது முதல்நூல் என்பது நூலாசிரியர் நோக்கு. ஒருவர் நெஞ்சில் முந்திப் புகுந்தது முதல்நூல் என்பது சுவைஞர் நோக்கு. பின்னர்ப் புகுவது எதுவாயினும் அது வழிநூலாக நின்று, முந்தியதன் முடிபு கொண்டு அளக்கப்படும்.

மொழிபெயர்த்தல்: மலைக்கள்ளன்

இக்கருத்தைக் கொங்கு நாட்டுச் சான்று ஒன்று மேலும் விளக்கும். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய 'மலைக்கள்ளன்' நாவலைக் கோயம்புத்தூரில் பட்சிராஜா நிறுவனத்தார் 1954-இல் படமாக்கினர். எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு தயாரித்து இயக்க, மு. கருணாநிதி உரையாடல் எழுத, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் இஃது. காந்தியக் கவிஞரின் கதைக்குத் திராவிட இயக்க எழுத்தாளர் உரையாடல் வகுத்தது அக்காலத்திற்குரிய புதுமை. இக்கதை பின்னர்த் தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய ஐந்து மொழிகளிலும் படமாயிற்று. இந்தியில் 'ஆசாத்' என்னும் பெயரோடு 1955-இல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது.

பிறமொழியார் எவரும் நாமக்கல் கவிஞரின் நாவலைப் படித்தவர் அல்லர். எனவே அவர்க்கு ஏமாறுதற்கு வழியே இல்லை. அவர்பால் சென்றது கதைப்பின்னல் மட்டுமே. கவிஞரின் நடை செல்லவில்லை. செல்லாததை அவர்கள் அறியவுமில்லை. இன்று திருப்பூர்க் கம்பெனிகளில் பணிபுரியும் வடமாநிலத் தொழிலாளர் 'பொன்னியின் செல்வ'னை இந்தியில் கண்டு மகிழ்வதும் இத்தகையதே. ஏமாற்றம் என்பது முன்பே பெற்றிருந்த ஒன்றனை இழந்தோர்க்கு மட்டும் உரியது. அதனை நோக்க, படித்தோரின் ஏமாற்றம் இகழத்தக்கதன்று. அஃது அவர்கள் நாவலின்பால் கொண்ட அன்பின் அளவு.

சார்பும் பெயரும்

மகேந்திரன் இயக்கிய இரு படங்கள் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதன. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை அடியாகக் கொண்டு 1979-இல் வெளிவந்தது 'உதிரிப்பூக்கள்'. தாயற்ற குழந்தைகள், அவ்வீட்டிற்கு வரும் சிற்றன்னை என்னும் ஒரு பகுதியில் மட்டுமே இரண்டும் ஒக்கும். படம் தாய் உயிரோடிருந்த நாட்களிலிருந்தே தொடங்குகின்றது. ஊர் முழுவதும் சூழ, கொடுமை செய்தவன் ஆற்றில் இறங்கி மறைவதோடு முடிகின்றது. ஆதலின் இது வழிநூலன்று, சார்பு நூல். பெயரும் வேறு. எனவே 'சிற்றன்னை'யைப் படித்தோர் இப்படத்தின்மேல் வழக்குத் தொடுக்க இடமில்லை.

1978-இல் வந்த 'முள்ளும் மலரும்' இதற்கு மறுதலையாகத் தோன்றும். கல்கி இதழின் வெள்ளிவிழா நாவற் போட்டியில் பரிசு பெற்ற உமாசந்திரனின் நாவல் அதன் மூலம். நாவலின் முழுமையையும் தாம் பின்பற்றவில்லை என்பதை இயக்குநரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். அவர் பற்றிக்கொண்டது முரட்டு அண்ணன், அவன் தங்கைமேல் வைத்த அன்பு என்னும் இரண்டையே. இவ்வளவு மாறியும் நாவலின் பெயரை அவர் விட்டாரில்லை, படமும் போற்றப்பட்டது. முள் போன்ற நெஞ்சமும் ஒருநாள் மலரும் என்பதன்றோ அப்பெயரின் பொருள்! நிகழ்ச்சிகள் பலவற்றை விட்ட இயக்குநர் பெயரின் பொருளை விட்டாரல்லர். ஆகவே இவ்விடத்துப் பெயரே முடிபாய் நின்றது.

இதனால் ஒன்று தெளியலாம். நாவலின் பெயரைத் திரைப்படம் ஏற்பது ஒரு வாக்குறுதி. பெயரை ஏற்றோர் பெயரின் பொருளை நிறைவேற்றக் கடமைப்பட்டோர். பெயரை மாற்றுவோர், 'யாம் சார்ந்து செல்கின்றோம். தொடர்ந்து செல்லவில்லை' என அறிவித்தோர் ஆவர். 'அசுரன்' எனப் பெயர் மாறியது வெக்கையாகிய நிலையை விட்டு மனிதன் ஒருவனைப் படம் பற்றிக்கொண்டமையைக் காட்டுகின்றது.

ஆசிரியரே வழிநூல் செய்யின்

மூல ஆசிரியரே திரைக்கதையும் எழுதின் ஏமாற்றம் எழாது என எண்ணுதல் உலக இயல்பு. அதுவும் ஆராயத்தக்கது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதையில், கெடுக்கப்பட்ட மகளைத் தாய் நீராட்டி, அவள் தூயவளே எனத் தேற்றி ஏற்றுக்கொள்கின்றாள். அதனை எதிர்த்தோர் பலர். பின்னர் அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில், அத்தாய் அவ்வாறு செய்யாது ஊரறியச் செய்திருப்பின் விளைவு யாது என எண்ணி, கதையைத் திருப்பி அமைத்தார். அந்நாவல் 1972-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. 1977-இல் அவர் திரைக்கதை எழுத, பீம்சிங் இயக்கத்தில் படமாயிற்று. நாயகியாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

ஈண்டுப் பெரும் மாற்றம் நிகழ்ந்தது நாவலுக்கும் படத்திற்கும் இடையில் அன்று. சிறுகதைக்கும் நாவலுக்கும் இடையிலே ஆகும். தாயின் செயலையே மாற்றிய ஆசிரியர் பெயரையும் மாற்றினார் என்பது நோக்கத்தக்கது. தம் படைப்பைத் தாமே மாற்றும் ஆசிரியரும் இவ்வொழுங்கிற்கு உட்பட்டே நின்றார்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சுவைஞரின் நிறைவும் ஏமாற்றமும் விடுபட்டவற்றின் எண்ணிக்கையால் அமைவன அல்ல என்பது போதரும். முந்தி நெஞ்சில் புகுந்த படைப்பின் முடிபு காக்கப்பட்டதா, விகற்பத்திற்குக் காரணம் புலப்படுகின்றதா, ஏற்ற பெயரின் பொருள் நிறைவேறியதா என்னும் மூன்று வினாக்களுக்குக் கிடைக்கும் விடையாலேயே அவை அமைகின்றன. ஆய்வு மாணவர் தம் பட்டியலை இம்மூன்று வினாக்களின்கீழ் அமைத்துப் பார்ப்பாராக. விடுபட்டது கைவளையோ கையோ என்பது அப்போது தெரியவரும்.

இஃது ஆய்வேட்டின் வசதிக்காக மட்டும் கூறுவதன்று. எம் வட்டாரத்தில் நாவல் வாழ்வதும் மாய்வதும் இதனைப் பொறுத்துள்ளன. படம் கண்டு நாவலை நாடி வரும் பிள்ளையிடம், 'நீ கண்டது போலி, இதுவே மெய்' எனக் கூறின், அவன் தனக்குப் பொருளாயிருந்த ஒன்றை நாம் இகழ்ந்ததாகக் கொண்டு நூலை மூடிவிடுவான். 'நூலும் படமும் ஒன்றே' எனக் கூறினும், எம் மாணவர் போலப் பாதிக் கதையைத் தேடி ஏமாறுவான். 'இது தொகைவிரி, விரித்தது இது, தொகுத்தது இது' எனக் காட்டின், விரிந்ததை மதித்துக்கொண்டே தொக்கதைத் தேடி உள்ளே செல்வான்.

அம்மாணவரிடம் யாம் பின்னர் இதனையே கூறி, நூலை மீண்டும் தந்தோம். இம்முறை தந்தையின் கதையைத் தேடாது, சிறுவனோடு காட்டில் நடக்குமாறு வேண்டினோம். அவர் நூலைத் திருப்பித் தரச் சில திங்கள் ஆயின. தம் தந்தைக்கு இரவுதோறும் அதனைப் படித்துக் காட்டியதால் காலம் நீண்டது என்றார். எழுதப் படிக்க அறியாத அத்தந்தைக்குப் படமே முதல்நூல். மகன் வாய்மொழியாகக் கேட்ட 'வெக்கை' வழிநூல். அவர் ஏமாறினாரா என யாம் வினவினோம். 'படத்துல சொல்லாததெல்லாம் இதுல இருக்குதுன்னாருங்க' என்பது மறுமொழி.